மைக்கில் திட்டாதே, தம்பி

ஒலக்கூர்,
27-7-2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் மாமா ஊரில் இல்லை. வியாழக்கிழமை ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூரில் டூட்டி. ராத்திரி ஊஞ்சல் உற்சவம் முடிந்து, கூட்டம் கலைந்து, வீட்டுக்கு வந்து குளித்துக் கண்ணை மூடுவதற்குள் அடுத்த போன். பிரதமர் கங்கைகொண்ட சோழபுரம் வருகிறார், பந்தோபஸ்துக்குக் கிளம்பு என்று. ஈரம் காயாத சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு போனார். எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் ஆர்டர் கைக்கு வந்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கு அம்மா அழுதே விட்டாள். "எஸ்.ஐ. ஆனப்பவே சல்யூட் அடிச்சாச்சு, இனிமே உன் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் விறைப்பா அடிக்கணும்" என்றார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாழ்த்தெல்லாம் அன்றைக்கே போனில் முடிந்தது. மற்றதைப் போனில் பேச முடியாது. நான் வாய் திறப்பதற்குள் உன் பக்கத்தில் வயர்லெஸ் மைக் கரகரக்கும். நீ "சரிக்கா, சரிக்கா" என்பாய். அதனால் கடிதம். பயப்படாதே, மாமாவின் டிரான்ஸ்ஃபருக்கு சிபாரிசு கேட்கிற கடிதம் இல்லை இது.

நீ நேரடி எஸ்.ஐ.யாகச் சேர்ந்தவன். மாமா இரண்டாம் நிலைக் காவலராக ஆயுதப்படையில், ஏ.ஆரில் சேர்ந்து, பாரா நின்று, கைதி வழிக்காவல் போய், தாலுகா ஸ்டேஷனுக்கு வந்து, இப்போது தலைமைக் காவலர். நீ திண்டிவனத்தில் எஸ்.ஐ.யாக இருந்தபோது நம் வீட்டில்தான் தங்கினாய். இரண்டு பேருடைய காக்கியையும் இஸ்திரி போட்டவள் நான். இரண்டு பேரும் ராத்திரி சாப்பிட உட்கார்ந்து எதைப் பேசினீர்கள், எதைப் பேசாமல் விட்டீர்கள் என்று பார்த்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போலீஸ்காரர் உடம்பைக் கெடுப்பது ரோடு. மனசைக் கெடுப்பது ஸ்டேஷன். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உனக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. ரோடு வயல்களைக் கிழித்துக்கொண்டு போகிறது. சென்னையிலிருந்து வருகிற வண்டிக்கு விழுப்புரம் மாவட்டம் தொடங்குவது இங்கேதான். பொங்கலுக்கு முந்தின ராத்திரியும் தீபாவளிக்கு முந்தின ராத்திரியும் பஸ்ஸும் காரும் எறும்பு மாதிரி ஊரும். தூக்கத்தில் ஓட்டி லாரிக்குப் பின்னால் சொருகிய கார்களை மாமா எத்தனை பார்த்திருப்பார் என்று நான் கேட்டதில்லை. அந்த மாதிரி ராத்திரிகளில் அவர் நேராக வீட்டுக்குள் வர மாட்டார். கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வருவார். இரண்டு வேளை சாதம் இறங்காது. பிறகு சரியாகிவிடுவார். "நாம போகலைன்னா யாரு போவா" என்பார்.

போன நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது இடுப்பளவு தண்ணீரில் கிழவிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காலெல்லாம் சேற்றுப்புண். இன்றைக்கும் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் டீ போட்டுக் கொடுத்தார்களாம், அந்த டீயைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவார். அந்த வேலை அவரை உடைக்கவில்லை.

அவரை உடைத்தது வேறு. அது எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரி என்று எழுத மாட்டேன். எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. ராத்திரி ரோந்தில் ஒரு குடும்பத்தின் கார் பழுதாகி நின்றிருக்கிறது, கைக்குழந்தையோடு. மெக்கானிக் வரும்வரை இவர் கூட நின்றிருக்கிறார். அடுத்த பாயிண்டில் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடத் தாமதம். மேலதிகாரி மைக்கில் பிடித்துவிட்டார். காரணம் கேட்கவில்லை. சப்-டிவிஷன் முழுக்கக் கேட்கிற மைக்கில், வயதில் தன்னைவிடப் பெரிய மனிதரை, வீட்டில் இருப்பவர்களையும் இழுத்து, என்னென்னவோ சொல்லியிருக்கிறார். அதற்கு இவர் சொல்ல முடிந்த பதில் "எஸ் ஐயா". வீட்டுக்கு வந்தவர் கிணற்றடிக்குப் போகவில்லை. வாசல் திண்ணையில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். பெரியவன் ஏதோ கேட்டதற்கு கை ஓங்கிவிட்டார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் பிள்ளைகள் மேல் கை ஓங்கினதில்லை. விபத்தைப் பார்த்த ராத்திரிகளில் என்னிடம் பேசுகிற மனிதர், இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதே டூட்டியில் இருந்த இன்னொரு காவலரின் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 2006-ல் கனடாவில் மெக்ரியரி, தாம்சன் என்று இரண்டு பேர் போலீஸ்காரர்களின் மன அழுத்தத்தை அளக்க இரண்டு கேள்வித்தாள் செய்தார்கள். இரண்டிலும் இருபது இருபது கேள்வி. ஒன்று வேலையிலிருந்து வருகிற அழுத்தத்துக்கு: ராத்திரி டூட்டி, தனியாகப் போவது, அடிபடுகிற ஆபத்து. இன்னொன்று இலாகாவிலிருந்து வருகிற அழுத்தத்துக்கு. அந்த இரண்டாவது தாளைப் படித்தபோது யாரோ நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினது போல இருந்தது. ஆளுக்கு ஒரு சட்டம் என்று தோன்றுவது. எத்தனை செய்தாலும் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருப்பது. செய்த நல்லதை விட்டுவிட்டு தப்பை மட்டும் தோண்டுகிற தலைமை. உடம்பு சரியில்லை என்று படுத்தால் கூட இருப்பவர்களே கேவலமாகப் பார்ப்பது. கனடாவில் பனியில் ரோந்து போகிறவனுக்கும் ஓங்கூர் பாலத்தில் நிற்கிறவருக்கும் இந்தப் பட்டியல் பொருந்துகிறது என்றால், இதை நம் ஊர்க் குணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2019-ல் காமன் காஸ் அமைப்பும் லோக்நிதியும் சேர்ந்து 21 மாநிலங்களில் ஏறக்குறைய 12,000 காவலர்களைக் கேட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் வீட்டுக்காரர்களையும் கேட்டிருக்கிறார்கள், பத்தாயிரத்துக்கும் மேல். எங்களைக்கூட ஒருத்தர் கேட்டாரே என்று இருந்தது. சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேர வேலை. ஐந்தில் இரண்டு பேர், மேலதிகாரிகள் கெட்ட வார்த்தையில் பேசுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கில் ஒருத்தர், கீழே இருப்பவர்களை வீட்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று. இதே சம்பளம், இதே வசதியோடு வேறு வேலை கிடைத்தால் போய்விடுவேன் என்றவர்கள் 37 சதவீதம். மாமாவிடம் இந்த 37-ஐ சொன்னேன். "மீதிப் பேரு பொய் சொல்லியிருப்பானுங்க" என்றார்.

வீட்டு வேலை என்றதும் ஆர்டர்லி ஞாபகம் வரும். 1979-லேயே தமிழ்நாட்டில் ஆர்டர்லி முறை ஒழிந்தது என்று அரசாணை. 2022-ல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் அதையே மறுபடி ஒழிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் நாற்பத்து மூன்று வருஷம். காகிதத்தில் செத்ததெல்லாம் குவார்ட்டர்ஸில் சாகாது. மாமா ஏ.ஆரில் இருந்த காலத்தில் யார் வீட்டு நாயைக் குளிப்பாட்டினார் என்று இப்போது எழுதி என்ன ஆகப் போகிறது. நாய் மேல் அவருக்குக் கோபம் இல்லை, நல்ல நாயாம்.

வார ஓய்வுக்கு வருகிறேன். நீ ஸ்டேஷன் பொறுப்பேற்றதும் உன் கையில் முதலில் வரப்போவது அதுதான். 2021 ஜூலையில் டி.ஜி.பி. சைலேந்திர பாபு சுற்றறிக்கை விட்டார்: வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, பிறந்த நாள், கல்யாண நாளுக்கு லீவு. அதே வருஷம் நவம்பரில் அரசாணையும் வந்தது, காவலர் முதல் தலைமைக் காவலர் வரைக்கும். அந்த வருஷம் எங்கள் கல்யாண நாளுக்கு நாங்கள் செஞ்சிக்கோட்டை போனோம். சிரிக்காதே. ஜி.எஸ்.டி. ரோட்டில் எத்தனை வருஷம் குடித்தனம், செஞ்சிக்கு அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். ரெஜிஸ்டரில் ஓய்வு இருக்கும், ஆள் டூட்டியில் இருப்பார். யாரையும் குறை சொல்ல முடியாத காரணங்களும் உண்டு. 2024-ஐ எடுத்துக்கொள். ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல். ஜூலையில் விக்கிரவாண்டி இடைத்தேர்தல். அக்டோபர் 27-ல் அதே விக்கிரவாண்டியில் விஜய் கட்சி மாநாடு. நவம்பர் கடைசியில் புயல். இதற்கு நடுவே அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர், பங்குனி உத்திரத்துக்கு மயிலம், புதுச்சேரியிலிருந்து பாட்டில் வருகிறதா என்று கிளியனூர் பக்கம் வாகனச் சோதனை. ஆள் பற்றாக்குறை நிஜம். 2014-ல் ஐதராபாத்தில் இருக்கிற நிர்வாகப் பணியாளர் கல்லூரி எடுத்த கணக்கிலேயே, தன் ஸ்டேஷன் ஆட்களுக்கு மாசத்தில் ஒரு தடவைகூட வார ஓய்வு கிடைப்பதில்லை என்று சொன்ன ஸ்டேஷன் பொறுப்பதிகாரிகள் நூற்றுக்கு 73 பேருக்கு மேல். கீழே இருப்பவனின் புலம்பல் இல்லை இது, உன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொன்னது.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்? 1861 போலீஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, போலீஸ்காரர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. நம் மாநிலத்துக்கு அதைவிடப் பழைய சட்டம், 1859-ல் வந்த மதராஸ் மாவட்டக் காவல் சட்டம். சிப்பாய்க் கலகம் அடங்கின கையோடு வெள்ளைக்காரன் தனக்குப் பயந்து எழுதின சட்டங்கள். அவனுக்கு ஜனங்களிடம் நல்ல பேர் எடுக்கிற போலீஸ் வேண்டியிருக்கவில்லை. கூப்பிட்ட நிமிஷம் லத்தியோடு நிற்கிற ஆள் வேண்டியிருந்தது. அவன் போய் 78 வருஷம் ஆகப் போகிறது.

ஆனால் தம்பி, எனக்குப் புரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நேரம் அதிகம் என்பதுகூட இரண்டாவதுதான். எப்போது முடியும் என்று தெரியாததுதான் ஆளைத் தின்கிறது. ராபர்ட் கராசெக் என்று ஒருத்தர் 1979-ல் எழுதினார்: பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை, பளு அதிகமாகவும், தன் வேலை மேல் தனக்கு அதிகாரம் கொஞ்சமாகவும் இருக்கிற இடத்தில்தான் முறிவு வருகிறது என்று. மாமாவைப் பார்த்தால் இது புரியும். நாளை ராத்திரி பத்து மணி வரைக்கும் டூட்டி என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாகப் போவார். "வா, வந்ததும் சொல்றோம்" என்றால், போகும்போதே பாதி செத்துவிடுவார். நான்கு மணி நேரம் நின்றால் முடிகிற பந்தோபஸ்துக்கு விடிகாலை மூன்று மணிக்கே கொண்டுபோய் இறக்குவார்கள். டி.எஸ்.பி. ஒரு மணி நேரம் முன்னால் சொல்ல, இன்ஸ்பெக்டர் தன் பங்குக்கு இன்னொரு மணி நேரம் சேர்க்க, எஸ்.ஐ. தன் பயத்துக்கு இன்னொன்று. எல்லோருடைய பயமும் சேர்ந்து கடைசி ஆளின் தூக்கத்தில் போய் இறங்குகிறது. அந்த ஒரு மணி நேரத்தை நீ சேர்க்காமல் இருக்கலாம். அதற்கு அரசாணை வேண்டாம்.

பயம் என்று எழுதிவிட்டேன், அதைப் பற்றியும் பேசிவிடுகிறேன். 2023 மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அத்தனை பேர் செத்தார்கள். மாவட்டக் கண்காணிப்பாளர் உட்பட பல பேர் சஸ்பெண்ட். பொறுப்பைக் கேட்டதில் தப்பில்லை. செத்தவர்கள் கூலிக்காரர்களும் மீன்பிடிக்கிறவர்களும். ஆனால் அதற்கப்புறம் இந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் நடந்ததை நான் வீட்டிலிருந்து பார்த்தேன். இந்த வாரம் எத்தனை கேஸ், இன்றைக்கு எத்தனை பாட்டில் என்று எண்ணிக்கை. எண்ணிக்கை குறைந்தால் மெமோ. அதிகமானால், இத்தனை நாள் என்ன பண்ணினீங்க என்று அதற்கும் மெமோ. மாமாவின் பதவி உயர்வு ஒரு 3(பி) ஒழுங்கு நடவடிக்கை சார்ஜில் மாட்டிக்கொண்டு நின்றது உனக்குத் தெரியும். அதுவும் இந்த மாதிரி எண்ணிக்கைச் சமாசாரம்தான். கடைசியில் ஒன்றும் இல்லை என்று முடிந்தது. அது முடிகிறவரை அவர் தூங்கின தூக்கத்தை யார் கணக்கில் எழுதுவது?

இதெல்லாம் கீழ்மட்டத்து அழுகை என்று நீ நினைத்தால், நம் விழுப்புரம் கோர்ட்டில் நடந்ததை நினைத்துப் பார். 2021 பிப்ரவரி. முதலமைச்சர் சுற்றுப்பயண பந்தோபஸ்து. சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தன்னிடம் அத்துமீறினார் என்று ஒரு பெண் எஸ்.பி. புகார் கொடுக்கச் சென்னைக்குப் போகிறார். நம் ரோட்டில்தான், பரனூர் டோல்கேட்டில், அவர் காரை மறித்தார்கள். மறித்தவர்கள் ரவுடிகள் இல்லை, போலீஸ். மேலே இருந்து போன் வந்தது, மறித்தார்கள். 2023 ஜூன் 16-ல் விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்று வருஷ சிறை கொடுத்தது. தடுத்த மாவட்ட எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. அதற்கு மேலும் வழக்கு போனது, அதை விடு.

நான் யோசித்ததெல்லாம் அந்த டோல்கேட்டைப் பற்றித்தான். ஐ.பி.எஸ். படித்த, ஒரு மாவட்டத்தையே ஆளுகிற பெண்ணின் காரையே ஒரு போன்காலில் நிறுத்த முடியும் என்றால், உன் ஸ்டேஷனில் சேர்ந்து ஆறு மாசம் ஆன பெண் காவலர் யாரிடம் போய் என்ன சொல்வாள்? அந்த வழக்கைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மாமா சொல்வது: "அந்த அம்மா ஜெயிச்சாங்க. நிப்பாட்டின பசங்களும் ஒரு நாள் ராத்திரி தூங்கியிருக்க மாட்டானுங்க."

நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டுகிற அந்த உடம்பு ஒரு நாளில் வந்தது இல்லை. தினம் கொஞ்சமாகப் பழக்கினது. மேலே திட்டு வாங்கினவர் கீழே திட்டுவார். கடைசிக் காவலருக்குக் கீழே யார் இருக்கிறார்? மனு கொடுக்க வந்த ஏழை இருக்கிறான். சாத்தான்குளத்தில் 2020-ல் ஜெயராஜும் பென்னிக்ஸும், இந்த ஜூனில் திருப்புவனத்தில் அந்தக் கோயில் காவலாளி அஜித்குமாரும் போலீஸ் பிடியில் அடிபட்டுச் செத்தார்கள். நான் நியாயம் கற்பிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அடித்தவனுக்கு வேலைப்பளு என்று யாராவது என் எதிரில் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். தூக்கமில்லாத ஆயிரம் போலீஸ்காரர்கள் யாரையும் அடிக்காமல்தான் வீட்டுக்குப் போகிறார்கள். நான் சொல்வது சாத்தான்குளத்தில் சாட்சி சொன்ன தலைமைக் காவலர் ரேவதியைப் பற்றி. கண்ணால் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொல்ல அந்தப் பெண் எவ்வளவு பயந்தார் என்று பேப்பரில் வந்தது. உயர் நீதிமன்றம் சொல்லி அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. போலீஸ்காரருக்கு, போலீஸிடமிருந்து. பார்த்தும் பேசாமல் இருந்த மற்றவர்கள் அதே மௌனத்தோடு எத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டியிருக்கும்? மன அழுத்தம் என்று டாக்டர் சீட்டில் எழுதுகிறார்களே, அதில் பாதி இந்த மாதிரி விழுங்கினதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டாக்டர் என்றதும் இன்னொன்று. 2023 ஜூலையில் கோவை சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் தன்னை மாய்த்துக்கொண்டார் இல்லையா. அவர் மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருந்தவர், வேலைப்பளு காரணமில்லை என்று அன்றைக்கே உயரதிகாரி சொன்னார். இருக்கலாம். அது நோய், ஒரே காரணத்தில் அடக்க முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். அன்று ராத்திரி மாமா டி.வி.யை அணைத்துவிட்டு ஒன்று சொன்னார்: "அவரு டாக்டர்கிட்ட போனாரு. நான் போனா, மறுநாளே துப்பாக்கிய வாங்கி வெச்சுட்டு, மெண்டல்னு பேரு வெச்சிடுவானுங்க." நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அப்புறம் அவரை விழுப்புரத்தில் தெரிந்த ஒரு டாக்டரிடம், சர்க்கரைக்கு என்று வீட்டில் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது பரவாயில்லை. இதை நீ அம்மாவிடம் சொல்லாதே. உன் ஸ்டேஷன் போர்டில் மனநல உதவிக்கான 104 என்ற எண்ணையும் 14416 என்ற எண்ணையும் பெரிதாக எழுதி வை. எழுதி வைத்துவிட்டு, நீயே ஒரு நாள் ரோல் காலில், டாக்டரைப் பார்ப்பது கேவலமில்லை என்று உன் வாயால் சொல். போர்டில் எழுதினதை யாரும் நம்ப மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் சொன்னால் நம்புவார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பெங்களூரு நிம்ஹான்ஸோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி கொண்டுவந்தார்கள். சென்னையில் குடிப்பழக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் 'மகிழ்ச்சி' என்று ஒரு திட்டம். மாமா அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தார். முதலில் கிண்டல் பண்ணினார். ஆனால் கோபம் வந்தால் மூச்சை எண்ணச் சொன்னதை இன்றைக்கும் செய்கிறார். பயிற்சி முடிந்து திரும்பிய அன்றைக்கே, "மூணு நாள் ஜாலியா இருந்துட்டு வந்தியா" என்று ராத்திரி பாரா போட்டார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. ஆளைக் கழுவித் துடைத்து அதே சேற்றில் இறக்கினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

சங்கம் வைத்துக் கேட்கலாம் என்றால், 1966 சட்டம் கையைக் கட்டுகிறது. 1979-ல் பஞ்சாபில் காவலர்கள் கிளம்பி, மாநிலம் மாநிலமாகப் பரவியதை அப்பா சொல்லியிருக்கிறார். பிறகு நீதிபதி சி.டி.செல்வம் தலைமையில் ஆணையம் போட்டார்கள், அதற்கு முன்னாலும் ஆணையங்கள். ஆணையம் நல்லதுதான். ஆனால் ஆணையம் எழுதினது ஒலக்கூர் வரைக்கும் வந்து சேருவதற்குள் மாமா ரிட்டயர் ஆகிவிடுவார். இன்ஸ்பெக்டர் மாறினால் மறுநாளே தெரியும். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சாப்பாட்டுத் தட்டில் தெரியும்.

மாமாவுக்கு மேலே இருந்த ஒரு இன்ஸ்பெக்டரைப் பற்றி எழுத வேண்டும். கண்டிப்பான மனிதர், சிரிக்கவே மாட்டாராம். சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த வாரத்து டூட்டியை ரைட்டரை வைத்து எழுதி, எல்லோரும் பார்க்கிற மாதிரி சுவரில் ஒட்டிவிடுவார். திடீரென்று மாறினால், மாற்றியவர் தன் கையால் காரணம் எழுத வேண்டும். ராத்திரி டூட்டி முடித்தவரைக் காலை ரோல் காலுக்கு நிற்க வைக்க மாட்டார். திட்ட வேண்டியிருந்தால் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவார், நன்றாகவே திட்டுவாராம். பாராட்டை மட்டும் மைக்கில் சொல்வார். பந்தோபஸ்துக்குப் பெண் காவலர்களை அனுப்பினால், அவர்களுக்கு ஒதுங்க இடம் பக்கத்தில் எங்கே என்று முதலில் கேட்பார். முதலமைச்சர் போகிற வழியில் பெண் காவலர்களை ரோட்டோரம் நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் டி.ஜி.பி. உத்தரவு வருவதற்கு முன்னாலேயே அதைக் கேட்டவர் அவர். ஆள் பலம் அந்த ஸ்டேஷனிலும் குறைவுதான், வேலையும் அதே வேலைதான். அந்த ஒன்றரை வருஷமும் மாமா லீவு கேட்கப் பொய் சொன்னதில்லை. அதற்கு முன்னால் எத்தனை பாட்டிகளைச் சாகடித்திருக்கிறார் என்று உனக்கே தெரியும்.

அவருக்கு மேலே திட்டே விழவில்லையா என்று கேட்டேன். விழுந்ததாம், தாராளமாக. டி.எஸ்.பி. ஆபீஸிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த மனுவை எடுத்துவிடுவாராம். யாரிடமும் இறக்கி வைக்க மாட்டார். அவர் உடம்பு அதைத் தாங்கினதா என்று தெரியவில்லை. உனக்கும் அந்தக் கேள்வி வரும். மேலே வாங்கினதைக் கீழே கொடுக்காமல் நீ எங்கே கொண்டுபோய்ப் போடுவாய்? எனக்குப் பதில் தெரியாது. வீட்டில் உன் பெண்டாட்டியிடம் போடாதே, அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது. ராத்திரி எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு. போலீஸ்காரன் பெண்டாட்டிக்கு அகால போன் புதிதில்லை.

உன்னைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு, மறைக்க மாட்டேன். நீ எஸ்.ஐ.யாக நம் வீட்டில் இருந்த கடைசி மாசங்களில் போனில் காவலர்களிடம் பேசுகிற குரல் மாறியிருந்தது. "யோவ்" சேர்ந்துகொண்டது. மாமா வயது ஆட்களை "யோவ்" என்றாய். மாமா அந்த நேரம் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார், கவனித்தாயா? உன்னை அப்படிப் பேசப் பழக்கினவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களை அப்படிப் பழக்கினவர்களையும் யாரோ பழக்கியிருப்பார்கள். ஸ்டேஷன் பொறுப்பு உன் கைக்கு வருகிறபோது அந்தப் பேச்சை விட்டுவிட்டுப் போ. முதல் நாள் எப்படிப் பேசுகிறாயோ, அதுதான் அந்த ஸ்டேஷனுக்கு இரண்டு வருஷத்துக்குச் சட்டம். டெரர் அதிகாரி என்று பேர் எடுக்காவிட்டால் ஆட்கள் ஏறி மிதிப்பார்கள் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். சிரிக்காத அந்த இன்ஸ்பெக்டரை யாரும் மிதிக்கவில்லை.

அம்மா உனக்கு மோர்மிளகாயும் வடகமும் கட்டி வைத்திருக்கிறாள். ஆடி முடிந்ததும் பொறுப்பேற்கலாமே என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இலாகா பஞ்சாங்கம் பார்க்காது என்று சொன்னால் கோபம் வருகிறது. நீயே போனில் சமாதானம் சொல்லிவிடு. பெரியவன் பிளஸ் டூ, டி.என்.யு.எஸ்.ஆர்.பி. போலீஸ் தேர்வு எழுதப் போகிறேன் என்கிறான். மாமா வேண்டாம் என்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நீ பொறுப்பேற்று ஒரு மாசம் போகட்டும். அந்த மாசத்து டூட்டி ரெஜிஸ்டரை எடுத்து, எத்தனை பேருக்கு வார ஓய்வு எழுதியிருக்கிறது, அதில் எத்தனை பேர் நிஜமாகவே வீட்டில் இருந்தார்கள் என்று எண்ணி, இரண்டையும் எனக்கு எழுது. அதைப் பார்த்துவிட்டு அவனிடம் பேசுகிறேன். யூனிஃபார்ம் போட்டோ வேண்டாம், வாட்ஸ்அப்பில் வந்தாச்சு.

அன்புடன்,
உன் அக்கா